பதினாலும் பன்னெண்டும் இருபது

1

மூன்று வருடங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறேன். சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடி. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடிகாலை மூன்று மணி வரை. வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு, உடம்பு முடியாமல் வேலையை விட்டவர்கள் இழப்பீடு கேட்டு அனுப்பிய கோப்புகளை வாசித்து, சுருக்கி, குறியீடு போட்டு அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. அதே வேலையை அதே மாதிரிச் செய்கிற அலுவலகங்கள் நிறைய உண்டு.

ஒரு கோப்பில் நான்கு வகை எழுத்து இருக்கும். ஒன்று மருத்துவர் எழுதியது. இரண்டாவது, முதலாளி தருகிற வேலை விவரம்: எத்தனை கிலோ தூக்க வேண்டும், எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும். மூன்றாவது, மென்பொருள் துப்புகிற ஓர் எண்: இந்த நோய், இந்த வயது, இந்த மாதிரி வேலை என்றால் சராசரியாக இத்தனை நாளில் ஆள் திரும்பி வரலாம். நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. இழப்பீடு கேட்பவரே நிரப்பிய படிவம். 'உங்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது?' என்று அதில் ஒரு கேள்வி வரும். கோப்பிலேயே உயிருள்ள உரைநடை அங்கேதான் இருக்கும். நாய், மாடிப்படி, பாதியில் நின்றுபோன சமையல், தூக்கம் வராத ராத்திரி என்று மனிதர்கள் எழுதித் தள்ளியிருப்பார்கள். யாரோ ஒருத்தர் வாசிக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதியது.

முதுகுவலிக்காரப் பெண் ஒருவர், காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடுவதாகவும், பாதியில் முடியாமல் உட்கார்ந்துவிடுவதாகவும், மிச்சத்தை மகளே பின்னிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். எனக்குக் கொடுத்த பயிற்சிப்படி அதை நான் இப்படிச் சுருக்கினேன்: 'தோள்மட்டத்துக்குக் கையை உயர்த்தி வேலை செய்ய இயல்கிறது.' பொய் கிடையாது. அவர் எழுதியதிலிருந்துதான் எடுத்தேன். உட்கார்ந்துவிட்ட பாதி மட்டும் விடுபட்டுப்போனது, ஏனென்றால் அதைப் போட படிவத்தில் இடம் இல்லை.

கல்லூரியில் இதற்கு நெருங்கி வாசித்தல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எழுதியவர் சொல்லவராததைப் பிரதியிலிருந்து உருவி எடுப்பது. அந்தக் கலைக்குச் சம்பளம் கிடைக்கும் ஒரே இடம் இதுதானோ என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். இப்போது அது வேடிக்கையாகப் படவில்லை. இந்தக் கட்டுரை அந்த வாசிப்பைப் பற்றியது. இழப்பீட்டுக் கோப்பு ஓர் இலக்கிய வகை என்றால், அதன் வாசகன் எப்படிப்பட்டவன்?

2

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாசிப்பு முறை கொடுமைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல.

1977இல் ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்க மருத்துவர், நோயை உடம்பின் பழுதாக மட்டும் பார்ப்பது போதாது, அதில் மனமும் சமூகமும் சேர்ந்தே இருக்கின்றன என்று எழுதினார். முதுகுவலிக்கு இது ரொம்பவும் பொருந்தியது. ஒரே மாதிரி எக்ஸ்ரே உள்ள இரண்டு பேரில் ஒருவர் மூன்று வாரத்தில் வேலைக்குப் போகிறார். இன்னொருவர் மூன்று வருடம் ஆனாலும் போவதில்லை. வித்தியாசம் எலும்பில் இல்லை. பயம், சோர்வு, வீட்டுச் சூழல், மேற்பார்வையாளரோடு உள்ள உறவு இவற்றில் இருக்கிறது. 1997இல் நியூசிலாந்தில் இவற்றையெல்லாம் பட்டியலிட்டு 'மஞ்சள் கொடிகள்' என்று பெயர் வைத்தார்கள். கொடியைப் பார்த்தால் சீக்கிரம் போய்க் கைகொடுங்கள் என்பதுதான் நோக்கம். இது உண்மையிலேயே நல்ல யோசனை. வலியோடு வீட்டில் தனியாகக் கிடக்கிறவரிடம் மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாது என்பது நம்ம ஊர் வைத்தியருக்கும் தெரிந்ததுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், உதவிக்கு வைத்த கொடி சந்தேகத்துக்கான கொடியாக மாறும்போது. ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர் கார்டன் வாடல் 1980இல் முதுகுவலிக்காரர்களிடம் சில அடையாளங்களைத் தொகுத்தார். இவை தென்பட்டால் உடம்பைத் தாண்டியும் ஏதோ இருக்கிறது, கவனியுங்கள் என்றார். காப்பீட்டு வழக்குகளில் அதை நடிப்பைப் பிடிக்கும் சோதனையாகப் பயன்படுத்தினார்கள். அதற்காக இது உருவாக்கப்படவில்லை என்று பின்னாளில் வாடலே எழுத வேண்டிவந்தது. ஒரு பிரதியின் ஆசிரியர் உயிரோடு இருந்து, நான் சொல்லவந்தது அதுவல்ல என்று கத்தியும் வாசகர்கள் கேட்காத கதை இது.

அமெரிக்காவின் பெரிய ஊனக் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்றான யூனம்பிராவிடன்ட், 2004இல் மாநிலக் கட்டுப்பாட்டாளர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நிராகரித்தும் நிறுத்தியும் வைத்த 2,00,000க்கும் அதிகமான கோப்புகளை மறுபடி திறந்து பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிட்டனில் 2008இல் வந்த வேலைத்திறன் மதிப்பீட்டு முறையின் லட்சணத்தை கென் லோச்சின் 'ஐ, டேனியல் பிளேக்' (2016) படத்தில் பார்த்திருப்பீர்கள். இருதய நோய்க்காரர் ஒருவரிடம் கையைத் தூக்க முடியுமா, தொப்பி போட முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இருதயத்தைப் பற்றி மட்டும் கேள்வி வராது. நான் அந்தப் படத்தை ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தேன். கேள்வி கேட்கிறவரின் குரல் எனக்குப் பழக்கமான குரலாக இருந்தது.

3

மாமாவின் கை போனது நான் அந்த வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம்.

கணபதியில் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறை. பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற இடம். கோயமுத்தூர் மோட்டார் என்று நாடு முழுக்கப் போகிற மோட்டாருக்குள்ளே, சுருளுக்கு நடுவில், மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாக வெட்டித் தருவது பவர் பிரஸ். இடது கையால் தகட்டை நகர்த்தி, வலது கையால் வெட்டினதை எடுத்து, காலால் பெடலை அழுத்த வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு நாளில் பல ஆயிரம் தடவை கை டைக்குள்ளே போய் வரும். மாமா இருபது வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. அப்போது அவருக்கு 40 வயது.

பட்டறையில் மொத்தம் ஏழு பேர். பத்துப் பேருக்குக் கீழே என்றால் ஈ.எஸ்.ஐ. பொருந்தாது. தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் முதன்முதலில் வந்த ஊர் கோயமுத்தூர்தான், 1955இல். மில் தொழிலாளர் ஊர் என்பதால் வந்தது. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைச் சொன்னால் இங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை வரும். ஆனால் மில்கள் தேய்ந்து பட்டறைகள் பெருகியபோது, ஆறு பேர் ஏழு பேர் என்று வேலை சிதறியபோது, அந்தக் குடை அவ்வளவு தூரம் விரியவில்லை. மாமாவுக்கு மிஞ்சியது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1923இல் வந்தது. அதன்படி முதலாளிதான் பணம் கொடுக்க வேண்டும். அவர் அதற்காகக் காப்பீடு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

முதலாளி ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்தார். மூன்று மாதம் சம்பளம் கொடுத்தார். ஒரு கவரில் 50,000 ரூபாய் வைத்து வீட்டுக்கே வந்து, அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு பட்டறையிலேயே, எக்ஸெல் வண்டியில் சரக்கு கொண்டுபோய்ப் போடுகிற வேலையும் தந்தார். சம்பளம் முன்னைவிடக் குறைவு.

நான் சட்டத்தை எடுத்து வாசித்தேன். வாசிப்பதுதானே என் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்றேன்.

"அட, உடு மாப்ளே. ரெண்டு வெரல்தான? கை இருக்குதல்ல?"

"இல்லீங்க மாமா, இது உங்களுக்கு வரவேண்டிய காசுங்க. அவரு தர்மம் பண்றதில்லீங்க."

"அந்த மனுசன் என்ற கல்யாணத்துக்கு ரெண்டு நாள் பட்டறையப் பூட்டிப்போட்டு வந்து, நின்னு பந்தி வெச்சாரு. அவரு மேல நாம் போயி கேஸ் போடறதா? நாளைக்கு அவரு மொகத்துல எப்புடி முழிக்கறது?"

முதலாளியும் ஒருகாலத்தில் பிரஸ்ஸில் உட்கார்ந்தவர்தான். அவருடைய இடது கைச் சுண்டுவிரலில் ஒரு கணு கிடையாது. அதற்கு யாரும் அவருக்கு ஒன்றும் தரவில்லை. கடன் வாங்கிப் பழைய பிரஸ் ஒன்றை வாங்கிப் போட்டு முதலாளி ஆனவர். கொங்கு நாட்டுத் தொழில் வளர்ச்சி என்று பெருமையாக எழுதுகிறார்களே, அதில் பாதி இப்படிப்பட்டவர்களால் நடந்தது. அவரை வில்லனாக்கி என்னால் எழுத முடியாது. மாமாவாலும் முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி வேலைக்குப் போய்க் கோப்பைத் திறந்தபோது ஒன்று உறைத்தது. எங்கள் மஞ்சள் கொடிப் பட்டியலில் ஒரு கேள்வி உண்டு: முதலாளியோடு உறவு எப்படி? மோசம் என்றால் கொடி. ஆள் நீண்ட நாள் திரும்ப மாட்டான், கவனி. மாமாவை அந்தப் படிவத்தில் போட்டால் ஒரு கொடியும் விழாது. முதலாளி தங்கமானவர் என்கிறார். வேலைக்குத் திரும்ப ஆசைப்படுகிறார். வலியைப் பெரிதுபடுத்துவதில்லை. குடும்பம் துணையாக இருக்கிறது. எங்கள் கணக்குப்படி மாமாதான் லட்சியக் கோப்பு. அந்தக் கோப்பு எழுதப்படவே போவதில்லை.

4

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று சொல்கிறது. தோள்மூட்டோடு கை போனால் 90. கட்டைவிரல் போனால் 30. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு என்றால் 11, ஒரு கணு என்றால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7.

இதை ஒரு பிரதியாக வாசியுங்கள். இது தரும் முதல் அதிர்ச்சி அதன் அமைதி. பெயரடையே கிடையாது, ரத்தமும் கிடையாது. இரண்டாவது, அதன் வயது. முழங்கைக்கு மேலே கை வெட்டுப்பட்டால், தோள்நுனியிலிருந்து 20.32 சென்டிமீட்டர் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. முழங்கைக்குக் கீழே என்றால் 11.43 சென்டிமீட்டர். இவ்வளவு துல்லியமாக யார் அளந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். யாரும் அளக்கவில்லை. 8 அங்குலமும் நாலரை அங்குலமும் மெட்ரிக்குக்கு மாறியபோது இப்படி ஆகியிருக்கின்றன. துல்லியம்போலத் தெரிவது பழைய குத்துமதிப்பு, சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது. எண் என்றாலே இந்தச் சங்கடம் உண்டு. தசமப் புள்ளியைப் பார்த்தால் பணிந்துபோகிறோம்.

மூன்றாவதுதான் மாமாவின் விஷயம். ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. இரண்டும் போனால் 26 என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் 'ஒரு கையின் இரண்டு விரல்கள்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதற்கு 20. எந்த இரண்டு என்று அது கேட்பதில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் போனால் கூட்டினால் 14தான் வரும், அதற்கும் 20. ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். பிரஸ்ஸில் தகட்டைக் கிள்ளி எடுக்கிற விரல்கள் எவை என்று அட்டவணைக்குத் தெரியாது.

அதோடு கணக்கைப் போட்டேன். மாமா வாங்கினது 18,000. ஆனால் 2020 முதல் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உச்ச மாதச் சம்பளம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதை 40 வயதுக்கான காரணி 184.17ஆல் பெருக்கினால் 16,57,530. அதில் 20 சதவீதம் 3,31,506 ரூபாய். மாமாவிடம் காட்டிய தாளில் இருந்தது அந்த எண்தான். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அட்டவணையில் இன்னொரு வரி என்னைப் பல நாள் துரத்தியது. முழு ஊனம், அதாவது 100 சதவீதம் என்று சொல்கிற பகுதியில் இரண்டு கை இழப்பு, இரண்டு கண் இழப்பு போன்றவற்றோடு, 'மிகக் கடுமையான முகச் சிதைவு' என்பதும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். முகம் சிதைந்தால் கை வேலை செய்யும், கால் நடக்கும், கண் தெரியும். பிறகு எதற்கு 100? இந்த உலகம் அந்த முகத்துக்கு வேலை தராது என்பதற்காக. உடம்பை மட்டும் அளப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பழைய அட்டவணைக்குள்ளேயே, ஒரே ஒரு வரியில், சமூகத்தைப் பற்றிய அறிவு உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்கிறது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிக்காமல், மற்றவர்கள் அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்று கணக்கில் எடுக்கிறது.

மாமா இப்போது கோயிலில் திருநீறு வாங்கும்போது வலது கையைத் துண்டுக்குள்ளே வைத்து நீட்டுகிறார். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காரமாட்டேன் என்கிறார். ஊரில் அழகான கையெழுத்து அவருடையதுதான், முன்பெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பந்தியில் உட்காருவதைத் தவிர்த்து, பரிமாறப் போய்விடுகிறார், அதுவும் இடது கை வாளியைப் பிடிக்கிற மாதிரி. இதற்கு எத்தனை சதவீதம்?

5

அட்டவணையை இறுக்கமாக வாசிக்கக் கூடாது என்று நம் நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

1968இல் ஒரிசாவின் ஜெய்ப்பூர் என்ற ஊரில், ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டிவந்தது. அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தான் என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று சொல்வார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம்தான் என்று ஆணையர் சொன்னதை 1975இல் நான்கு நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் இன்னும் விரிவாகச் சொன்னது: உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம்.

எங்கள் அலுவலகக் கோப்புகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு. பல அமெரிக்க பாலிசிகளில் முதல் இரண்டு வருடம் 'உன் வேலையை உன்னால் செய்ய முடியுமா' என்று கேட்பார்கள். 24 மாதம் முடிந்ததும் கேள்வி மாறிவிடும்: 'ஏதாவது ஒரு வேலையை உன்னால் செய்ய முடியுமா?' கேள்வியில் ஒரே ஒரு சொல் மாறுகிறது, நிறையப் பேருக்குப் பணம் நின்றுபோகிறது. மாமாவுக்கும் அதுதான் நடந்தது, பாலிசி எதுவும் இல்லாமலே. பிரஸ் ஆபரேட்டரின் கை போனது, எக்ஸெல் ஓட்டுகிற கை கிடைத்தது. எல்லோரும், மாமா உட்பட, அதை மீட்சி என்று எடுத்துக்கொண்டோம்.

6

எண்களை வெறுத்து எழுதுவது சுலபம். இணையத்தில் நம்மைப்போன்றவர்கள் அடிக்கடி செய்வதும் அதுதான். ஆனால் நல்ல எண்ணுக்கு உதாரணம் தேடி நான் தூரமாகப் போக வேண்டியிருக்கவில்லை.

கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள் 2006இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். கால் எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்த கடுமையான காயங்களுக்கானது. தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண், அதோடு சர்க்கரை நோய் போன்ற கூடுதல் சிக்கல்களுக்கும் மதிப்பெண். கூட்டல் 14 வரை என்றால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். 17உம் அதற்கு மேலும் என்றால் எடுக்க வேண்டிவரும். நடுவில் 15, 16 என்று இரண்டு எண்கள். அவை சாம்பல் பகுதி. அங்கே எண் தீர்ப்பு சொல்லாது. ஆளைப் பார்த்து, அந்தந்த நோயாளிக்கு ஏற்ப மருத்துவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

எனக்கு இந்தச் சாம்பல் பகுதி ரொம்பப் பிடித்திருக்கிறது. தான் எங்கே பேசக் கூடாது என்பதை அந்த அளவுகோல் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் மென்பொருளில் அப்படி ஒரு இடம் கிடையாது. எல்லாக் கோப்புக்கும் ஓர் எண் வந்தே தீரும். சந்தேகம் இருந்தால் அது எண்ணின் சந்தேகமாக இருக்காது, ஆள் மேல் போகும்.

இன்னோர் உதாரணம் வடக்கிலிருந்து. குர்கான், மானேசர் பகுதியில் 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு, வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் கை நசுங்கியவர்களிடம் பேசித் தகவல் திரட்டி 2019 முதல் 'க்ரஷ்டு' என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிடுகிறது. விபத்துகளில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸில். பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் கிடைத்ததே விபத்துக்குப் பிறகு. இதுவும் தரவுதான், இதிலும் ஆளின் குடும்பம், படிப்பு, ஊர்விட்டு ஊர் வந்த கதை எல்லாம் இருக்கிறது. ஆனால் இங்கே அந்த விவரங்களின் விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். இந்த ஆள் ஏன் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்பது எங்கள் கேள்வி. இந்த இயந்திரம் ஏன் இன்னும் விரல்களை வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி.

எங்கள் படிவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள் உண்டு. இயந்திரத்தின் பெயர் கேட்கும் கட்டம் ஒன்றுகூடக் கிடையாது.

7

காஃப்காவை நாம் எப்படி வாசித்து வந்திருக்கிறோம்? கதவுக்கு வெளியே நிற்கிறவனாக. முகமற்ற அலுவலகத்தால் நசுக்கப்படுகிறவனாக. ஆனால் காஃப்கா உட்கார்ந்திருந்தது கதவுக்கு உள்ளே. 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. சரவணம்பட்டியில் நான் செய்ததன் மூத்த வடிவம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லிக்கொள்ள முடியாது, ஏனென்றால் அவர் வாசித்த விதமே வேறு.

1910இல் அவர் எழுதிய ஓர் அறிக்கை மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றியது. படங்களோடு வந்தது. அதில் விரல் கணுக்கள் போன கைகள் வரையப்பட்டிருக்கின்றன. கூடவே இரண்டு வகைத் தண்டுகள். சதுரத் தண்டில் பிளேடுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி பெரிது, கை வழுக்கினால் விரல் உள்ளே போய்விடும். உருளைத் தண்டில் இடைவெளி சிறிது, கை வழுக்கினாலும் கீறலோடு போகும். ஆகவே தண்டை மாற்றுங்கள் என்று அறிக்கை வாதாடுகிறது. தொழிலாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கை வழுக்கத்தான் செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய உரைநடை அது. கவனக்குறைவானவன் யார், நடிக்கிறவன் யார் என்று தேடிக்கொண்டு அது நேரத்தை வீணாக்கவில்லை.

காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் ஒன்றை நினைவுகூர்ந்திருக்கிறார். அடிபட்ட தொழிலாளர்கள் நிறுவனத்தை அடித்து நொறுக்காமல், வந்து கெஞ்சுகிறார்களே என்று காஃப்கா வியந்தாராம். இதை வாசித்தபோதுதான் காப்பீடு என்பது எதற்காக வந்தது என்று எனக்குப் பிடிபட்டது. கெஞ்சாமல் இருப்பதற்காக வந்தது. கல்யாணத்துக்குப் பந்தி வைத்தவரின் முகத்தைப் பார்த்துக் காசு கேட்க வேண்டாம், முகமில்லாத ஒரு நிதியிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த முதலாளி வருடத்துக்கு ஒரு தொகை கட்டி ஒரு பாலிசி எடுத்திருந்தால், மாமா 'கேஸ்' என்ற சொல்லைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. 'இன்சூரன்ஸ்ல வருது' என்று வாங்கிக்கொண்டிருப்பார். உறவும் இருந்திருக்கும், காசும் வந்திருக்கும்.

அப்படிப் பார்த்தால், ஆளின் குணத்தையும் மனத்தையும் குடைந்து பார்க்கிற காப்பீடு, தான் பிறந்த காரணத்தையே கைவிடுகிறது. அங்கே மறுபடியும் நல்லவன் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது, மறுபடியும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கொங்கு நாட்டில் நல்லவன் என்றால் கேட்காதவன் என்று பொருள். எங்கள் கோப்புகளிலும் ஏறக்குறைய அதே பொருள்தான்.

நம் புனைவு இந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' திருப்பூரின் தண்ணீரைக் காட்டியது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' பனியன் ஊரின் ஏற்ற இறக்கத்தை அதன் மனிதர்கள் வழியாகக் காட்டியது. இரண்டும் எனக்கு முக்கியமான நாவல்கள். ஆனால் விபத்துக்குப் பிறகான வாழ்க்கை, மனு, மருத்துவச் சான்று, சதவீதம், 'கேக்கறதா வேண்டாமா' என்று வீட்டுக்குள் ராத்திரி நடக்கும் பேச்சு, இதை வைத்து எழுதிய தமிழ் நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள், சட்டம் இருவருக்கும் நடுவில் 3,31,506 என்ற எண்ணை வைக்கிறது, இருவரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு தினமும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள்.

1923ஆம் வருடச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. விரல்களுக்கான சதவீதக் கணக்கு அதிலும் தொடர்கிறது.

மாமாவின் இரண்டு வருடக் கெடு முடிந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று சொன்னேன். "தக்க காரணம்னு என்னத்தச் சொல்றது? அவரு நல்லவருன்னா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வேலையை நான் விட்டதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் ராத்திரி ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை, விட்டேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். அந்த பிரஸ்ஸில் இப்போது ஒரு ஒடிசாப் பையன் உட்கார்ந்திருக்கிறான். கால் பெடல் அப்படியே இருக்கிறது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்குகிற மாதிரி மாற்றலாம், அப்போது கை டைக்குள் இருக்கவே முடியாது. ஆனால் எண்ணிக்கை குறையும் என்று யோசிக்கிறார்கள். மாமா சரக்குக்காகக் காத்திருக்கிற நேரமெல்லாம் அந்தப் பையனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். பாஷை தெரியாது. பையனின் வலது கை கொஞ்சம் உள்ளே போகும்போதெல்லாம், துண்டிலிருந்து தன் கையை எடுத்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டுகிறார்.